படுத்துப் பார்க்கச் சொன்ன பாயம்மா

ஆம்பூர் பஜாரில் மெத்தைக் கடை வைத்திருந்த பாயம்மாவிடம் யாரும் "நல்லா இருக்கேன்" என்று சொல்லித் தப்பித்துவிட முடியாது. நாம் சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் நம் இடுப்புக்குப் போய்விடும், அங்கே கை ஊன்றியிருக்கிறதா என்று பார்க்க. அப்புறம் பாதத்துக்கு இறங்கும், எந்தக் காலில் பாரத்தைப் போட்டு நிற்கிறோம் என்று கண்டுபிடிக்க. "வாய் இன்னா வேணா பேசும், அதுக்கா வலிக்கப் போவுது? முதுகு சொல்லட்டும், கேக்குறேன்" என்பாள். சந்தையில் கீரைக்காரம்மா, பள்ளிக்கூட வாசலில் வாத்தியார், பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரி, யாராக இருந்தாலும் அவளுக்கு இதே விசாரணைதான்.

ஆளைப் பார்த்தால் இந்த அதிகாரத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமே இருக்காது. ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. புர்காவுக்குள் கால்வாசிதான் நீ, மீதி எல்லாம் காற்று என்று நான் கேலி செய்வேன். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். ஆனாலும் மெத்தைக் கடை பாயின் மனைவி என்பதால் பல் போன பெரியவர்கள்கூட அவளைப் பாயம்மா என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவள் என்னை அக்கா என்றாள். அவள் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதினால் வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல எனக்கே தோன்றும், அதனால் வேண்டாம்.

அவள் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். பெரிய சரீரம், அதைவிடப் பெரிய மனசு, எந்த மெத்தையைக் காட்டிக் கேட்டாலும் "நம்பர் ஒன்" என்பார். பக்கத்தில் இருப்பதைக் காட்டினால் அதுவும் நம்பர் ஒன். கல்லாவில் இருந்து பாயம்மா, "எல்லாம் நம்பர் ஒன்னுன்னா நம்பர் டூ யாரு, நானா?" என்று கேட்பாள். அவர் சத்தமாகச் சிரித்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். போனதும் அவள் எழுந்து வருவாள். அதற்கப்புறம்தான் வியாபாரம் நடக்கும்.

எங்கள் பக்கத்தில் மெத்தை வாங்கும் முறையைச் சொன்னால்தான் அவள் எதற்காக அவ்வளவு சண்டை போட்டாள் என்று புரியும். படுக்கப் போகிற ஆளைத் தவிர மற்ற எல்லோரும் கடைக்கு வந்து அழுத்திப் பார்ப்பார்கள். மாமனார் முஷ்டியால் குத்திப் பார்ப்பார். மச்சான் உட்கார்ந்து குதிப்பான். யாராவது ஒரு ஆம்பளை செருப்பைக் கழற்றிவிட்டு மல்லாக்கப் படுத்து, நாலு நொடி விட்டத்தைப் பார்த்து, "சூப்பர்" என்று எழுந்துவிடுவார். பெண்கள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். கடை நடுவில், ரோட்டைப் பார்த்தபடி, போவோர் வருவோர் முன்னால் ஒரு பெண் காலை நீட்டிப் படுப்பதா? எங்கள் ஊரில் எந்த மதத்துப் பெண்ணும் படுக்க மாட்டாள்.

ஒருமுறை தோல் கம்பெனி முதலாளி ஒருவர் தனக்கு மெத்தை எடுத்து வரும்படி டிரைவரை அனுப்பியிருந்தார். முதலாளி காரில் ஏறினால் கார் ஒரு பக்கம் சாயும் என்று ஊருக்கே தெரியும். டிரைவரோ நோஞ்சான். அவன் ஒவ்வொரு மெத்தையிலும் படுத்துப் படுத்து எழுந்தான். பாயம்மா ரொம்ப நேரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"ராத்திரி தூங்கப் போறது நீயா, உங்க முதலாளியா?"

"அவருக்கு டைம் இல்லம்மா. என்னப் பாத்து எடுத்துக்கினு வரச் சொன்னாரு."

"சரி. அப்ப அவருக்குச் சட்டை தைக்கவும் உன்னையே அளவு குடுக்கச் சொல்லு."

டிரைவர் வெறுங்கையோடு போனான். பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் முதலாளியே வந்தார், கொஞ்சம் கோபமாகத்தான் வந்தார். அவரையும் படுக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள்.

கல்யாணச் சீருக்கு வருகிறவர்களிடம் இன்னும் மோசம். பெண் வீட்டார் கட்டில் மெத்தை தர வேண்டும் என்பது வழக்கம். வாணியம்பாடியில் இருந்து ஒரு குடும்பம் வந்திருந்தபோது நானும் கடையில் இருந்தேன். பெண்ணின் அம்மா பளபளவென்று பூ வேலை செய்த, பார்ப்பதற்கு உயரமான ஒரு மெத்தையைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்றார். ஊர்வலத்தில் வண்டியில் ஏற்றினால் எடுப்பாகத் தெரியுமாம்.

"மாப்ள இன்னா வெயிட்டு இருப்பாரு?" என்று கேட்டாள் பாயம்மா.

அந்தம்மா திகைத்துப்போனார். "அதெல்லாம் எப்டிம்மா கேக்குறது?"

"சம்பளம் கேட்டீங்கல்ல?"

"கேட்டோம்."

"ஜாதகம் பாத்தீங்கல்ல?"

"பாத்தோம்."

"அவ்ளோ கேட்டவங்க இத கேட்டா தப்பா? ஃபோன் போடுங்க."

பெண்ணின் தம்பி ஃபோன் போட்டான். மாப்பிள்ளை தொண்ணூறு கிலோவைத் தாண்டியவர் என்று தெரிந்தது. மணப்பெண் குனிந்த தலை நிமிராமல் சிரித்துவிட்டாள். பூ வேலை மெத்தை வெறும் ஃபோம், அது அவரைத் தாங்காது என்று சொல்லிப் பாயம்மா வேறொன்றைக் கட்டிக் கொடுத்தாள். அந்தம்மாவுக்கு மனசே இல்லை. பூப்போட்ட போர்வை ஒன்றைச் சும்மா கொடுத்து, "ஊர்வலத்துல இத மேல விரிச்சிடுங்க" என்று அனுப்பினாள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். நான் ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவில் மேல்பாகம் தைக்கிறவள். வெளிநாட்டுக்காரர்கள் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் முதல் ஜோடியைப் பார்ப்பார்கள் அல்லவா, அந்த முதல் ஜோடி எங்கள் கையில்தான் பிறக்கும். மற்ற லைன்களில் ஆயிரக்கணக்கில் ஒரே தையலைத் தைப்பார்கள். எங்களுக்குத் தினமும் புதுசு. வரைபடத்தை வைத்துக்கொண்டு தோலோடு மல்லுக்கட்டி, சாயங்காலம் ஒரு ஜோடி மேசைமேல் நிற்கும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகத்தான் நான் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினேன்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு உடம்பு ஏறியது. தைராய்டும் சேர்ந்துகொண்டது. நூற்றுப் பன்னிரண்டு கிலோ. முதுகு வலி வந்ததும் வேலூரில் பெரிய கடையில் தள்ளுபடி என்று போய் ஒரு ஃபோம் மெத்தை வாங்கினோம். வழக்கப்படி என் வீட்டுக்காரர்தான் படுத்துப் பார்த்தார். அவர் ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்டாத மனிதர். கம்பெனி வேன் ஓட்டுகிறார், ஸ்டியரிங் பின்னால் ஆள் இருக்கிறாரா என்று எட்டிப் பார்க்க வேண்டும். அவருக்கு அந்த மெத்தை சொர்க்கமாக இருந்தது. நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை, என் பக்கம் குழி விழுந்துவிட்டது. இடுப்பு அதற்குள் இறங்கிவிடும், காலும் தலையும் மேலே நிற்கும். நடுவில் படுக்கும் மகள் உருண்டு என்மேல் வருவாள். அவளுக்குப் பின்னால் அவர் வருவார். கடைசியில் நான் தரைக்கு மாறினேன். தரையில் படுத்தால் இடுப்பு எலும்பு மரத்துப்போகும். காலையில் எழுவதுதான் இன்னும் பாடு. புரண்டு, முட்டி போட்டு, பீரோவைப் பிடித்து நிற்பதற்குள் பஸ் போய்விடும். போய்ச் சேர்ந்தாலும் மத்தியானத்தில் மிஷின் முன்னால் கண் சொருகும். இரண்டு சாம்பிளைக் கெடுத்துவிட்டேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. கூப்பிட்டு உட்கார வைத்து, "ஒரு மாசம் பாக்குறேம்மா. அப்பறமும் இப்படியே இருந்தா சாம்பிளுக்கு வேற ஆள் போட வேண்டி வரும்" என்றார். வீட்டில் என் மாமியார், "விட்டுட்டு வீட்ல இரும்மா, உடம்பைப் பாத்துக்கோ" என்றார். என் அம்மாவும் அதையே சொன்னார். அதில் அன்பு இருந்தது, அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். இப்படி ஆளாளுக்குத் தலையைத் தடவிக் கொடுத்தால், ஒருநாள் நானே சரி என்று சொல்லிவிடுவேன் என்று தெரிந்தது. அந்த வேலை போனால் எனக்கு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

அந்த ஒரு மாதத்துக்குள்தான் பாயம்மா கடைக்குப் போனோம். போனதும் என் வீட்டுக்காரர் பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மெத்தையில் சாய்ந்தார்.

"சூப்பரா இருக்குது," என்றார்.

"நம்பர் ஒன்," என்றார் பாய்.

பாயம்மா அவர்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "முதுகு வலி யாருக்கு?"

அவர் படுத்தபடியே என்னைக் காட்டினார்.

"அப்ப நீங்க எதுக்குண்ணா படுத்துக்கினு இருக்கீங்க?"

அவர் சடக்கென்று எழுந்துவிட்டார். பாயம்மா என் பக்கத்தில் வந்து குரலைத் தணித்துக்கொண்டாள். "அக்கா, இன்னா வெயிட்டு இருப்பீங்க?"

"எம்பதுக்குக் கொஞ்சம் மேல," என்றேன்.

அவள் என் கால்களைப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள். "கெட்டியா இருந்தா நல்லா இருக்குமா, மெத்துனு இருந்தா நல்லா இருக்குமா?"

"எனக்கு எதுனா பரவால்லம்மா."

"எதுனா பரவால்லன்றவங்களுக்கு நான் விக்கிறதில்ல," என்றாள். "வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு வாங்க. அண்ணன் வேணாம். நீங்க மட்டும்."

வீட்டுக்கு வரும் வழி முழுக்க என் வீட்டுக்காரர், இப்படி வியாபாரம் பண்ணினால் கடை விளங்கிடும் என்று முனகிக்கொண்டே வந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை நேரத்தில் பஜாரில் பாதிக் கடைகள் மூடியிருக்கும். பாயும் கடையில் வேலை செய்யும் ஆண்களும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். அந்த நேரத்தைப் பாயம்மா பெண்களுக்கு என்று எடுத்து வைத்திருந்தாள். ஷட்டரைப் பாதிக்கு இறக்குவாள், உள்ளே ஒரு பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டுவாள், அவ்வளவுதான் ஏற்பாடு. எங்கள் ஊர்த் தோல் கம்பெனிகள் பலவற்றுக்கு வார லீவே வெள்ளிக்கிழமைதான். அதனால் ஷூ கம்பெனிப் பெண்கள் நிறையப் பேருக்கு இந்த ரகசியம் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. குண்டாக இருப்பவளிடம் படுக்கையைப் பற்றிப் பேச யாருக்கு வாய் வரும்?

பாதி ஷட்டருக்கு முன்னால் போய் நின்றேன். குனிந்து நுழைய வேண்டும். என் முதுகுக்கு அது முடியாத காரியம், தயங்கினேன். உள்ளே இருந்து அவள் பார்த்திருக்க வேண்டும். எழுந்து வந்து ஷட்டரை என் தலைக்கு மேலே தூக்கி, நான் உள்ளே போனதும் மறுபடி இறக்கினாள். கடையில் வேறு யாரும் இல்லை. "இன்னிக்கி யாரையும் வர வேணாம்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"இப்ப சொல்லுங்கக்கா. வெயிட்டு."

"நூத்திப் பன்னெண்டு."

அந்த எண்ணை டாக்டருக்கு அப்புறம் நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் ஐயோ என்று பதறவில்லை, குறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. தையல்காரர் அளவு கேட்டுக்கொள்வதுபோலத் தலையாட்டினாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "முதல்ல இளைக்கணும்னுதான் எல்லாரும் சொல்றாங்க" என்றேன்.

"இளைங்க, யாரு வேணாம்னா? அதுவரைக்கும் நின்னுகிட்டா தூங்குவீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு கூச்சம் போய்விட்டது, அவளும் நீங்க போட்டுப் பேசுவதை விட்டுவிட்டாள்.

முதலில் தேங்காய் நார் மெத்தையில் படுக்க வைத்தாள். "போட்டோவுக்குப் படுக்கிற மாதிரி படுக்காதக்கா. வீட்ல எப்டி படுப்ப, அப்டி படு." நான் ஒருக்களித்துப் படுத்தேன். என் இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் உள்ளங்கையை நுழைத்தாள். கை தாராளமாகப் போய் வந்தது. "கெட்டி ஜாஸ்தி. இடுப்பும் தோளும்தான் மொத்த பாரத்தையும் வாங்குது, நடுவு அந்தரத்துல நிக்குது." அடுத்து ஃபோம். படுத்தவுடனே சுகமாக இருந்தது, சொன்னேன். "மொதல் கால் மணி நேரம் அப்டித்தான் இருக்கும், இரு" என்று சொல்லிவிட்டு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் நான் மெல்ல இறங்குவது எனக்கே தெரிந்தது. இப்போது அவள் கை நுழையவே இல்லை.

மூன்றாவதாகக் காட்டியதைத்தான் ஹைபிரிட் என்றாள். அதன் உறையில் ஜிப் இருந்தது. திறந்து காட்டினாள். மேலே ஒரு சாண் இல்லாவிட்டாலும் நாலு விரல் கனத்துக்கு வெள்ளையாக லேட்டக்ஸ் ரப்பர், அதற்குக் கீழே தனித்தனித் துணிப் பையில் வரிசையாக ஸ்பிரிங்.

"ஜிப்பு இல்லாத மெத்தைய வாங்கவே வாங்காத. லேட்டக்ஸ்னு மேல எழுதிட்டு உள்ள அப்பளம் மாதிரி ஒரு ஷீட்டு வெச்சிருப்பான். உன்ன மாதிரி ஆளுக்கு அது பத்தாது. தொட்டுப் பாரு."

தொட்டேன். இந்த இடத்தில் எனக்கும் கொஞ்சம் சரக்கு இருந்தது. எங்கள் கம்பெனியில் ஷூவுக்குள் வைக்கும் இன்சோலுக்கு இரண்டு மூன்று வகை ஷீட் வரும். கட்டைவிரலால் அழுத்தி விட்டால், மட்டமானது யோசித்து யோசித்துத்தான் மேலே வரும். நல்ல லேட்டக்ஸ் விரலோடு சேர்ந்தே எழுந்துவிடும். அதேபோல அழுத்திப் பார்த்தேன். விரலோடு எழுந்தது.

"இது நல்ல மாலு," என்றேன்.

"பாரு, நீயே சொல்ற," என்றாள். அவள் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. "ரப்பர் உன் தோளுக்கும் இடுப்புக்கும் எடம் குடுக்கும். கீழ ஸ்பிரிங் உன்னத் தாங்கும். வெறும் ஃபோம் அமுங்கினா அமுங்கினதுதான். இது திரும்பி எழும்."

"எத்தினி வருசம் வரும்?"

"அத நீ போடுற கட்டில் சொல்லணும். பலக எப்டி இருக்குது?"

கட்டிலைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. யோசித்துச் சொன்னேன். பலகைகளுக்கு நடுவே கை போகும் அளவுக்கு இடைவெளி, என் பக்கத்தில் ஒன்று விரிசல் விட்டிருக்கிறது. அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அப்ப பாதி குழி மெத்தையில இல்ல, கட்டில்ல. அண்ணன ஒரு பிளைவுட் போட்டு ஆணியடிக்கச் சொல்லு. நடுவுல ஒரு காலு வெக்கச் சொல்லு. அதில்லாம எத வாங்கினாலும் வேஸ்ட்டு. அப்பறம் இத புரட்டிப் போடாத, ரப்பர் மேலதான் இருக்கணும். அப்பப்ப தலமாடு கால்மாடு மட்டும் மாத்து."

ஓரத்தில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். ஓரம் சரியவில்லை. பாரமானவர்கள் ஓரத்தில் கை ஊன்றித்தான் எழுவார்கள், ஓரம் விட்டுக் கொடுத்தால் ஆள் விழுந்துவிடுவார் என்றாள். அது உண்மை. அதற்கப்புறம் படுக்கச் சொன்னாள். ஒருக்களித்துப் படுத்தேன். அவள் கையை நுழைத்தாள். கை போனது, ஆனால் உரசிக்கொண்டு போனது.

"இதுலயே இரு. அவசரமில்ல," என்றாள்.

மின்விசிறி சுற்றியது. தூரத்தில் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன்னால் நடக்கும் பயான் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது. புது ரப்பர் வாசனை, எங்கள் கம்பெனி வாசனைக்குக் கொஞ்சம் சொந்தக்கார வாசனை. கால் மணி நேரம் ஆனதும் இடுப்பு இறங்குகிறதா என்று பார்க்கலாம் என்று நினைத்தேன்.

விழித்தபோது சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. என்மேல் ஒரு புதுப் போர்வை போர்த்தியிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம், ஷட்டருக்கு வெளியே பேச்சுக் குரல்.

"அரே, என் கடைக்குள்ள நான் போகக் கூடாதா?" இது பாய், தொழுகை முடிந்து வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்.

"உள்ள அக்கா தூங்குது."

"எப்பலேர்ந்து?"

"நீங்க தொழப் போனதிலேர்ந்து. இன்னும் முடியல."

"கஸ்டமர் நிக்கிறாங்கம்மா, வெயில்ல."

"உள்ள தூங்கறதும் கஸ்டமர்தான்."

வேறொரு ஆண் குரல் கேட்டது. "இன்னா பாயம்மா, கடைலயே தூங்க வுட்டுட்ட?"

"மெத்தக் கடைல தூங்காம, பரோட்டாவா தின்னுவாங்க? டீ சொல்றேன், குடிச்சிக்கினே நில்லுங்க. எழுப்ப மாட்டேன். அவங்க கடைசியா எப்ப நல்லாத் தூங்கினாங்களோ."

நான் அசையாமல் படுத்திருந்தேன். கண்ணீர் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. என் பிள்ளைகள் என்னை எழுப்பியிருக்கிறார்கள், அலாரம் எழுப்பியிருக்கிறது, முதுகு எழுப்பியிருக்கிறது. என் தூக்கத்தைக் கலைக்கக் கூடாத ஒரு பொருளாக யாரும் அதுவரை நினைத்ததில்லை. என் பாதி எடைகூட இல்லாத ஒருத்தி, தன் புருஷனையும் வியாபாரத்தையும் ரோட்டில் நிறுத்திவிட்டு எனக்குக் காவல் நின்றாள். அந்த நன்றியை எந்தக் கடையிலும் நிறுக்க முடியாது. இன்றைக்கு வரைக்கும் எனக்கு அது தீரவில்லை.

கை ஊன்றி எழுந்தேன். பீரோ இல்லை, சுவர் இல்லை, எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றிருந்தேன். சத்தம் கேட்டு அவள் திரையை விலக்கினாள். நான் நிற்பதைப் பார்த்தாள். முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட இல்லை.

"இதான் உன்னுது," என்றாள்.

ஷட்டரை முழுசாகத் தூக்கினாள். சட்டையெல்லாம் வேர்வையாக நின்ற பாய் என்னைப் பார்த்து, "தூக்கம் வந்துச்சாம்மா?" என்று கேட்டார். கேலி இல்லாத கேள்வி. நான் தலையாட்டினேன்.

மறுநாளே என் வீட்டுக்காரர் பிளைவுட் அடித்தார், நடுவில் ஒரு கால் வைத்தார். மெத்தை வந்த மறுநாள் விடியற்காலையில் அலாரத்துக்கு முன்னால் நான் கண் விழித்தபோது, அவர் உட்கார்ந்து என் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா?" என்றேன்.

"புரண்டா முனகுவ இல்ல. ராத்திரி பூரா சத்தமே இல்ல. பயந்துட்டேன்," என்றார்.

அன்றைக்குப் பஸ் ஸ்டாப்பில் நான்தான் முதல் ஆள். மேனேஜர் சொன்ன மாதம் முடிந்தது, அவரும் மறந்துவிட்டார், நானும் ஞாபகப்படுத்தவில்லை. முதுகு வலி அடியோடு போய்விடவில்லை, மழை நாளில் எட்டிப் பார்க்கும். ஆனால் மிஷின் முன்னால் கண் சொருகுவது நின்றது. வேலை என் கையில் நின்றது. எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

அதற்குப் பிறகு எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் நான் அந்தக் கடைக்குப் போனேன், வாங்க எதுவும் இல்லாமல். கம்பெனியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பெண்களை அழைத்துப் போவேன். அவர்கள் வெட்கப்பட்டால் என் எடையைச் சத்தமாகச் சொல்லி ஆரம்பித்து வைப்பேன். பாயம்மா ஸ்டூலில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மூன்று வருஷம் முன்னால் பாய் தன் அண்ணனோடு சேர்ந்து ஓசூரில் பெரிய கடை போட முடிவு செய்தார். ஆம்பூர்க் கடையைக் காலி செய்தார்கள். போவதற்கு முந்தின நாள் அவளுக்கு ஒரு ஜோடி செருப்பு கொண்டுபோனேன். கடைத்தெருவில் நல்ல ஆட்டுத்தோல் தேடி வாங்கி, வெட்டி, தைத்து, உள்ளே மெலிதாக லேட்டக்ஸ் வைத்து, என் ஆயுசில் தைத்த சாம்பிள்களிலேயே இதுதான் சுத்தம் என்று எனக்கே பெருமை. கடையில் மெத்தையெல்லாம் லாரியில் ஏற்றக் கட்டி வைத்திருந்தார்கள். பாய் வாங்கிப் பார்த்துவிட்டு, "நம்பர் ஒன்" என்றார்.

பாயம்மா வாங்கிப் போட்டுக்கொண்டாள். கடையை விட்டு இறங்கினாள். பள்ளிவாசல் சந்து முனை வரைக்கும் நடந்தாள், திரும்பி நடந்து வந்தாள். நான் வாசலில் நின்று அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிந்து போகிற நாளில், ஒருத்தி ஆசையாகத் தைத்துக் கொண்டுவந்து கொடுத்ததைப் போட்டுக்கொண்டு, வேறு யாராக இருந்தாலும் கட்டிப்பிடித்து ரொம்ப நல்லா இருக்குது என்றிருப்பார்கள்.

"எடது கால்ல சுண்டு விரல் கடிக்குதுக்கா," என்றாள்.

பாய், "ஏம்மா, இன்னிக்கிமா?" என்று பதறினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அதைக் கழற்றி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பட்டையைப் பிரித்து, பாத அச்சில் ஏற்றித் தளர்த்தி, மறுபடி தைத்தேன். காலையில் லாரி கிளம்பும் நேரத்துக்கு ஓடிப்போய்க் கொடுத்தேன்.

போட்டுக்கொண்டு மறுபடியும் சந்து முனைக்கு நடந்தாள். இந்த முறை முனையில் நிற்காமல், லாரி நிற்கும் மெயின் ரோடு வரைக்கும் நடந்துகொண்டே போனாள்.